மூட்டைக்குப் பணம் எந்த நாளில்? விருத்தாசலம் பக்கத்து மல்லாட்டை உற்பத்தியாளர் நிறுவனம்: நிகழ்வு ஆய்வு

மார்கழிப் பட்டத்து மல்லாட்டை (நிலக்கடலை) பறிப்புக்கு வரும் பங்குனி, சித்திரையில் விருத்தாசலம், கம்மாபுரம், நல்லூர், மங்களூர் ஒன்றியங்களில் எல்லாக் களங்களிலும் ஒரே நேரத்தில் காய் குவிகிறது. செடியைப் பறித்தவருக்கும் அதிலிருந்து காயை ஆய்ந்தவருக்கும் அன்றன்றே கூலி கொடுத்தாக வேண்டும். உரக்கடைக் கடன் நிற்கிறது. அந்த நேரத்தில் வியாபாரி வண்டியோடு களத்துக்கே வந்து, எடை போட்டு, பொழுது சாய்வதற்குள் பணத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். பல வீடுகளில் விதைக்கிற நேரத்திலேயே அவரிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். அப்படி வாங்கியவர்களுக்குப் பறிப்பின்போது விலை பேச இடமே இருக்காது.

உழவர்களே பங்கு போட்டு நடத்தும் கம்பெனியான உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் போட்டி போட வேண்டியது இந்த வியாபாரியோடுதான். மூட்டைக்கு நூறு ரூபாய் கூட்டிக் கொடுத்தும் பணத்தைப் பதினைந்து நாள் கழித்துக் கொடுத்தால் உறுப்பினர் வரமாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஒரு கம்பெனி நிற்பதும் கவிழ்வதும் பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான் முடிவாகிறது என்பதால், இந்த ஆய்வு அதைச் சுற்றியே போகிறது.

கீழே வரும் கம்பெனி ஒரு மாதிரி; பெயருள்ள எந்த நிறுவனத்தின் பேரேடும் அல்ல. 1,000 உறுப்பினர், ஆளுக்கு 1,000 ரூபாய் பங்கு, அவர்களில் 300 பேர் ஆளுக்கு 9 மூட்டை காய் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்கிறோம். 80 கிலோ மூட்டைக்கு 6,000 ரூபாய் என்பதும், கூலி, வண்டி, லாபத் தொகைகளும் கணக்குக்காக எடுத்தவை. உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம். சட்டம், திட்ட வரம்புகள், பயிர் அளவுகள் மட்டும் உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

கம்பெனியின் சட்டகம்

ஒய்.கே. அலக் குழுவின் பரிந்துரைப்படி 1956 கம்பெனிகள் சட்டத்தில் உற்பத்தியாளர் கம்பெனிக்கென்று தனிப் பகுதி சேர்க்கப்பட்டு, 2003 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. 2020 திருத்தத்துக்குப் பிறகு அதே விதிகள் 2013 கம்பெனிகள் சட்டத்தின் 378ஏ முதலான பிரிவுகளில் இருக்கின்றன. குறைந்தது 10 உற்பத்தியாளர்கள் சேர்ந்தால் பதிவு செய்யலாம். இயக்குநர்கள் 5 முதல் 15 பேர் வரை. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. பங்கை வெளியாருக்கு விற்க முடியாது.

இரண்டு விதிகளைப் பலர் கவனிப்பதில்லை. கம்பெனியின் தொழிலுக்கு முரணான வியாபாரம் செய்கிறவர் உறுப்பினராக முடியாது. ஆகவே உள்ளூர் மல்லாட்டை வியாபாரியை ‘அனுபவம் இருக்கிறதே’ என்று இயக்குநர் ஆக்குவது தவறு மட்டுமல்ல, சட்டத்துக்குப் புறம்பு. இன்னொன்று, சட்டம் ‘உற்பத்தியாளர்’ என்றுதான் சொல்கிறது, பட்டாதாரர் என்று சொல்லவில்லை. குத்தகைக்கு உழுகிறவரும், புருஷன் பேரில் பட்டா இருக்கும் நிலத்தில் பாடுபடுகிற பெண்ணும் உறுப்பினராகலாம். மல்லாட்டையில் களை, ஆய்தல், விதைக்காய் உடைத்தல், பொறுக்கல் எல்லாம் பெண்கள் கையில் இருக்கும்போது, உறுப்பினர் பட்டியலில் ஆண்கள் பெயர் மட்டும் இருப்பது கம்பெனிக்கே நஷ்டம். தரம் எங்கே கெடுகிறது என்று தெரிந்தவர்கள் கூட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள்.

தமிழ்நாட்டில் 2017-18இல் தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தின் அடுக்கு பலருக்கும் பழக்கமானது. 20 பேர் கொண்டது உழவர் ஆர்வலர் குழு. ஐந்து ஆர்வலர் குழுக்கள் சேர்ந்து 100 பேர் கொண்ட உழவர் உற்பத்தியாளர் குழு. அதற்குப் பண்ணைக் கருவி வாங்க 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி. இப்படிப் பத்துக் குழுக்கள் ஒன்றாகி 1,000 பேர் கொண்ட நிறுவனம். இந்த அடுக்கில் அதிகம் பயன்படுவது அடித்தட்டில் இருக்கும் 20 பேர் குழுதான். ஏன் என்பது பின்னால் இடுபொருளைக் கடனுக்குக் கொடுப்பது பற்றிப் பேசும்போது தெரியும்.

18 லட்சம் எத்தனை மூட்டை வாங்கும்?

மத்திய அரசு 2020 பிப்ரவரியில் தொடங்கிய 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில், உறுப்பினர் போடும் பங்குக்கு ஈடாக ஆளுக்கு 2,000 ரூபாய் வரை, நிறுவனத்துக்கு அதிகபட்சம் 15 லட்சம் ரூபாய் வரை ஈட்டு மானியம் உண்டு. நம் மாதிரியில் பங்கு 10 லட்சம், ஈட்டு மானியம் 10 லட்சம். மொத்தம் 20. தராசு, சாக்கு, உரிமக் கட்டணம், முன்தொகை என்று 2 லட்சம் போனால், காய் வாங்கக் கையில் நிற்பது 18 லட்சம். மூட்டை 6,000 என்றால் அது 300 மூட்டை.

300 பேர் 9 மூட்டை வீதம் கொண்டுவந்தால் 2,700 மூட்டை. கையில் இருப்பதோ ஒன்பதில் ஒரு பங்குக்கான காசு. பறிப்புக் காலம் 45 நாள் என்று வைப்போம். வாங்கிய காயை ஓர் எண்ணெய் ஆலைக்கு அனுப்பி, ஆலை 15 நாள் கழித்துப் பணம் தந்தால், அந்த 18 லட்சம் பருவத்தில் மூன்று முறைதான் சுற்றும்: 900 மூட்டை. மீதி 1,800 மூட்டை வியாபாரியிடம் போகும். அதே காயை 5 நாளில் பணமாக்க முடிந்தால் ஒன்பது சுற்று: 2,700 மூட்டையும் கம்பெனி வழியாகவே போகும். மூலதனம் ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை. நாள் குறைந்தது, அவ்வளவுதான்.

அதனால் கம்பெனி நடத்துகிறவர்கள் வாங்குபவரிடம் முதலில் பேச வேண்டியது பணம் வரும் நாள். விலையை அதற்குப் பிறகு பேசலாம். விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில், ஊர்ப் பேச்சில் ‘கமிட்டி’யில், மறைமுக ஏலத்துக்கு (வியாபாரிகள் ஒருவர் விலை மற்றவருக்குத் தெரியாமல் கேட்பது) வைப்பது தொடக்கக் கால நிறுவனத்துக்குப் பாதுகாப்பு. ஆலைக்கு நேரடியாகக் கொடுத்தால் மூட்டைக்கு ஐம்பது, நூறு கூடக் கிடைக்கலாம். ஆனால் ஒரே ஆலை ஒரு மாதம் இழுத்தடித்தால் அந்தப் பருவமே போய்விடும். முதல் இரண்டு பருவத்தில் பாதிக்கு மேல் ஒரே ஆளிடம் கொடுக்கக் கூடாது. விலை விழுந்திருக்கும் வாரத்தில் காயை விற்பனைக் கூடக் கிடங்கிலேயே வைத்து, அதன் மதிப்பில் 75 சதவீதம் வரை பொருளீட்டுக் கடன் வாங்கலாம். அந்தப் பணம் அடுத்த களத்துக்குப் போகும். காய் காய்ந்து இருந்தால்தான் இந்த வழி திறக்கும்.

இரண்டாவது வழி இரண்டு தவணை. களத்தில் 80 சதவீதம், அதாவது 4,800 ரூபாய், அன்றைக்கே. மீதியை அந்த லாட் (ஒன்றாகச் சேர்த்து விற்கும் சரக்கு) விற்றதும் தரத்துக்கு ஏற்பக் கொடுப்பது. உறுப்பினருக்குச் சேரவேண்டிய விலையில் ஒரு பகுதியைப் பிறகு கொடுக்க நிறுத்திவைப்பதைச் சட்டமே ஏற்கிறது. 18 லட்சத்துக்கு அப்போது 375 மூட்டை வாங்கலாம். ஆனால் அந்த 4,800இல் கூலியும் உரக்கடைக் கடனும் அடைபட வேண்டும். அடைபடாத வீடுகளில் இந்த ஏற்பாடு நிற்காது.

மூன்றாவது, வங்கிக் கடன். இன்னொரு 18 லட்சத்தை 12 சதவீத வட்டியில் 45 நாளுக்கு வாங்கினால் வட்டி சுமார் 26,600 ரூபாய். 15 நாள் சுற்றில் அது கூடுதலாக வாங்கும் 900 மூட்டைக்கு, மூட்டைக்கு முப்பது ரூபாய். 5 நாள் சுற்றில் பத்து ரூபாய். கடன் வாங்கியும் சுற்று நாள் குறையாவிட்டால், மூட்டைக்கு 90 ரூபாய் என்று பின்னால் வரும் லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு வட்டிக்கே போய்விடும். வங்கியோ, வேளாண்மைக்கான தேசிய வங்கியான நபார்டின் துணை நிறுவனம் நாப்கிசானோ முதலில் கேட்பது தணிக்கை செய்த கணக்கும் ஒழுங்காகத் தாக்கல் செய்த ஆண்டு அறிக்கையும். ஆண்டுப் பொதுக்குழு முடிந்து 30 நாளில் நிதிநிலை அறிக்கை, 60 நாளில் ஆண்டு விவர அறிக்கை போக வேண்டும். தவறினால் படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய். இரண்டு படிவம் நூறு நாள் கிடந்தால் 20,000 ரூபாய். மூன்று ஆண்டு தொடர்ந்து விட்டால் இயக்குநர்கள் ஐந்து ஆண்டுக்குத் தகுதி இழக்கிறார்கள். இந்தத் தண்டத்தை விடப் பெரிய நஷ்டம், கணக்கு இல்லாத கம்பெனிக்குக் கடன் கிடைக்காமல் அடுத்த பருவம் கை கட்டி நிற்பது.

தராசு, ஈரம், உடைப்பு

கம்பெனியால் உறுப்பினருக்குக் கண்ணுக்குத் தெரியும் முதல் ஆதாயம் எடையில். சாக்கின் எடை ஒரு கிலோ அளவில் இருக்க, கழிவு என்று இரண்டு கிலோ கழிப்பது பழக்கத்தில் உண்டு. கிலோ 75 ரூபாய் ஆகிறது. ஒன்பது மூட்டைக்கு 675 ரூபாய். முத்திரையிட்ட மின்னணுத் தராசில் வெறும் சாக்கை முதலில் வைத்து, உறுப்பினர் கண்முன்னே பூஜ்யம் ஆக்கி, பிறகு காயோடு நிறுத்தாலே இது அவர் கைக்கு வந்துவிடுகிறது.

ஆனால் கம்பெனி ஏமாறுவதும் எடையில்தான். பறிக்கும்போது காயில் ஈரம் 35 முதல் 40 சதவீதம் வரை இருக்கும். சேமிக்க 8 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். 12 சதவீத ஈரத்தில் வாங்கிய 80 கிலோ, 8 சதவீதத்துக்குக் காய்ந்தால் 76.5 கிலோ ஆகிவிடும். மூன்றரைக் கிலோ போச்சு, 261 ரூபாய். மூட்டைக்கு 250 ரூபாய் மேல்லாபம் (வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசம்) எதிர்பார்த்த கம்பெனி, ஈரம் பார்க்காமல் வாங்கிய அன்றே நஷ்டத்தில் நிற்கிறது. ஈரமானி இல்லாமல் ‘காயை ஆட்டினால் சத்தம் கேட்கிறதே’ என்று வாங்கக் கூடாது. ஓடு காய்ந்து பருப்பு ஈரமாக இருக்கும் காயும் சலசலக்கும். ஈரத்தோடு அடுக்கினால் பூஞ்சணம் பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற நச்சு வரும். ஒரு மூட்டை கெட்டால் லாட் முழுக்கத் திரும்பி வரும்.

அடுத்தது தரம். பத்து மூட்டைக்கு மூன்று மூட்டையாவது மேல், நடு, அடி என்று காய் எடுத்து, ஒன்றாகக் கலந்து, அதில் 200 கிராம் நிறுத்து உடைக்க வேண்டும். பருப்பு 140 கிராம் வந்தால் உடைப்பு 70 சதவீதம். பொக்கும் (பருப்பில்லாத காய்) சூம்பலும் மண்ணும் கூடினால் 130 கிராம், அதாவது 65. எண்பது கிலோ மூட்டையில் இது 56 கிலோ பருப்புக்கும் 52 கிலோ பருப்புக்கும் உள்ள வேறுபாடு. 70க்கு 6,000 என்றால் 65க்கு 5,571தான் நியாயம்.

இந்த இடத்தில் நல்ல மனசோடு செய்யும் தவறு ஒன்று உண்டு. ‘எல்லாரும் நம் உறுப்பினர்தானே, ஒருவருக்கு ஒரு விலை எதற்கு’ என்று சராசரியாக 5,785 கொடுத்துவிடுகிறார்கள். நல்ல காய் வைத்திருப்பவருக்கு மூட்டைக்கு 215 ரூபாய் குறைகிறது, அவர் வியாபாரியிடம் போகிறார். சுமார் காய் வைத்திருப்பவருக்கு 214 கூடுகிறது, அவர் எல்லா மூட்டையையும் கம்பெனிக்கே கொண்டுவருகிறார். இரண்டாம் பருவத்தில் கம்பெனியின் லாட் என்றாலே ஏலத்தில் வியாபாரிகள் முகம் சுளிக்கிறார்கள். சமத்துவம் ஓட்டில் இருக்கட்டும், விலை காய்க்குப் போகட்டும். உடைப்புக் கணக்கை உறுப்பினர் எதிரிலேயே செய்து, சீட்டில் ஈரம், உடைப்பு, எடை மூன்றையும் எழுதிக் கொடுத்தால் சண்டை வராது. அடுத்த வருஷம் பொக்கு குறைய ஜிப்சம் போடச் சொல்லி ஒருவர் தனியாக வந்து வற்புறுத்தவும் வேண்டாம், சீட்டே சொல்லிவிடும்.

மூன்றாம் ஆண்டு முடிந்த பிறகு

மத்தியத் திட்டத்தில் நிர்வாகச் செலவுக்கு மூன்று ஆண்டுக்கு மொத்தம் 18 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. முதன்மைச் செயல் அலுவலருக்கு மாதம் 25,000, கணக்கருக்கு 10,000 என்பது அதன் உச்சவரம்பு. இந்தக் கை விலகும் நாளில் என்ன ஆகும் என்று முதல் மாதமே கணக்குப் போட்டு வைக்க வேண்டும்.

இரண்டு சம்பளம் மட்டும் ஆண்டுக்கு 4.2 லட்சம். தணிக்கை, தாக்கல், வாடகை, மின்சாரம் 1.5 லட்சம் என்று வைத்தால் 5.7 லட்சம். வரவு? மூட்டைக்கு 250 மேல்லாபத்தில் ஏற்று இறக்குக் கூலி 40, வண்டி 60, சாக்குத் தேய்மானம் 20, எடைக் குறைவு 40 போக 90 ரூபாய். 2,700 மூட்டையும் வந்தாலே 2.43 லட்சம்தான். ஒரு பருவத்து மல்லாட்டை ஒரு கம்பெனியைத் தாங்காது. இதைச் சொல்லாமல் ஆயிரம் பேரிடம் பங்கு வாங்குவது சரியல்ல.

மீதி இடுபொருளில் வர வேண்டும். உரக்கடை என்றதும் எல்லாருக்கும் யூரியா ஞாபகம் வரும். 45 கிலோ யூரியா மூட்டை 266.50 ரூபாய், விற்பவருக்கு மிஞ்சுவது இருபது ரூபாய்க்கும் குறைவு. உறுப்பினர் காலடி படுவதற்கு அது வேண்டும், லாபத்துக்கு அல்ல. ஜிப்சம் வேறு கதை. மல்லாட்டைக்கு 40 - 45ஆம் நாள் மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ போட வேண்டும். விழுது இறங்கிக் காய் பிடிக்கும் இடத்தில் சுண்ணாம்புச் சத்து இல்லாவிட்டால் பொக்குதான் மிஞ்சும். பத்து டன் லாரி ஒன்று 62 ஏக்கருக்குப் போதும். தனி ஆள் லாரி எடுக்க முடியாது, கம்பெனி எடுக்கலாம். டன்னுக்கு 500 ரூபாய் லாபம் வைத்தால் பத்து லாரிக்கு 50,000 ரூபாய், உடைப்பும் கூடும்.

விதைதான் பெரிய வாய்ப்பு. மல்லாட்டையில் ஒன்று விதைத்தால் எட்டு, பத்து மடங்குதான் திரும்பும். கனமான விதை, சீக்கிரம் முளைப்புத் திறன் இழக்கும். அதனால் பெரிய விதைக் கம்பெனிகள் இந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை. ஏக்கருக்கு 50 கிலோ பருப்பு வேண்டும், பொறுக்கல் போக ஏறக்குறைய ஒரு மூட்டைக் காய். விருத்தாசலத்திலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. விஆர்ஐ 8 போன்ற ரகங்கள் அங்கிருந்து வந்தவை. ஆதார விதை (பெருக்குவதற்கான மூல விதை) வாங்கி, பிற ரக வயலிலிருந்து 3 மீட்டர் இடைவெளி விட்டு, விதைச் சான்றுத் துறையில் பதிந்து சான்று விதை எடுக்கலாம். முளைப்பு குறைந்தது 70 சதவீதம், சுத்தம் 96, ஈரம் 9க்குள்.

சிக்கல் பருவத்தில். மார்கழி விதைப்புக்கு ஆடிப் பட்டத்தில் விளைந்த காய்தான் நல்லது. சித்திரையில் பறித்ததை மார்கழிவரை வைத்தால் முளைப்பு விழும். ஆனால் ஆடிப் பட்டம் பறிப்புக்கு வரும் ஐப்பசி, கார்த்திகை கடலூர் மாவட்டத்தில் அடைமழைக் காலம். கூரை போட்ட உலர்களமும், செடியைக் காய் மேலாகக் குவித்து ஆறவிடும் பழக்கமும் இல்லாவிட்டால் விதை லாட் அப்படியே எண்ணெய்க் காயாகத் தரம் இறங்கும். வெயில் கிடைத்ததும் உச்சி வேளையில் சிமெண்டுத் தரையில் பரப்பினால் முளைப்பு செத்துவிடும். காலை வெயில், மாலை வெயில் போதும். காயாகவே வைத்து, விதைக்கும் முன்தான் உடைக்க வேண்டும். 500 மூட்டை விதையில் மூட்டைக்கு 400 ரூபாய் நின்றால் 2 லட்சம்.

கூட்டிப் பார்த்தால்: மல்லாட்டை 2.43, விதை 2, ஜிப்சம் அரை லட்சம், உரம் 3,000 மூட்டையில் ஏறத்தாழ 45,000. மொத்தம் 5.38 லட்சம். இன்னும் 32,000 குறைகிறது. ஆடிப் பட்டத்தில் ஒரு சின்னக் கொள்முதலோ எள், உளுந்தோ சேர்த்தால்தான் கணக்கு நேராகும்.

‘மதிப்புக் கூட்டினால் லாபம் கூடுமே, செக்கு போடலாமே’ என்ற பேச்சு எல்லாக் கூட்டத்திலும் வருகிறது. மானியமும் இயந்திரத்துக்குத்தான் எளிதாகக் கிடைக்கிறது. நூறு கிலோ பருப்புக்குச் சுமார் நாற்பது கிலோ எண்ணெய் வரும். அது விற்கும்வரை அந்தப் பருப்பின் பணம் பீப்பாயில் முடங்கும். 5 நாள் சுற்றில் ஓடிய காசு 60 நாள் சுற்றுக்குப் போனால் கொள்முதல் நின்றுவிடும். பண்ருட்டிப் பக்கம் முந்திரியில் இது இன்னும் கடுமை. கொட்டையைக் காயவைத்து, உடைத்து, தோல் நீக்கி, தரம் பிரிக்க வாரக்கணக்கில் ஆகும். 80 கிலோ கொட்டைக்கு ஏறக்குறைய கால் பங்குதான் பருப்பு. 2011 டிசம்பர் 30 தானே புயலில் மரமே போன மண்ணில் ஒரே பயிரை நம்பி ஆலை போடுவது எத்தனை பெரிய துணிச்சல் என்று அங்குள்ளவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கொள்முதலில் மூன்று பருவம் கை பழகி, அதற்கென்று தனி மூலதனம் சேர்ந்த பிறகு செக்கைப் பற்றிப் பேசலாம்.

முன்பணத்தை எதிர்கொள்வது

வியாபாரியின் முன்பணத்துக்குப் பதில் கம்பெனி ரொக்கம் கொடுக்கக் கூடாது. விதை, ஜிப்சம், உரமாகக் கொடுக்கலாம். உறுப்பினருக்கு ஆறு மாதத்துக்கு மிகாமல் கடனுக்குக் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. மல்லாட்டை நூற்றுப்பத்து நாள் பயிர் என்பதால் பொருந்துகிறது. கொள்முதலில் பிடித்துக்கொள்வதாக ஏற்பாடு. தவறு நடப்பதும் இதில்தான். பிடித்தம் வருமே என்று காயை வியாபாரிக்குப் போட்டுவிட்டு, ‘இந்த வருஷம் விளையலை’ என்று சொல்லிவிடுவார்கள். அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் கணக்கருக்கு அது தெரியாது. அதே தெருவில் இருக்கும் 19 பேருக்குத் தெரியும். ஆகவே கடனை ஆளுக்குக் கொடுக்காமல் 20 பேர் ஆர்வலர் குழுவின் பொறுப்பில் கொடுத்து, குழு அடைத்தால்தான் அடுத்த பருவத்துக்கு அந்தக் குழுவுக்கு விதை என்று தீர்மானம் போட வேண்டும். உண்மையிலேயே மழையில் போனவருக்குத் தவணை நீட்டவும் குழுவே எழுதித் தரலாம். அவர்கள் வயலைப் பார்த்தவர்கள்.

பொதுக்குழுவும் போனஸும்

கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை, மொத்த உறுப்பினரில் நான்கில் ஒரு பங்கு. ஆயிரம் பேருக்கு 250 பேர் நேரில் வர வேண்டும். வராதவர்கள் வீட்டுக்குப் பதிவேட்டை அனுப்பிக் கையெழுத்து வாங்கும் பழக்கம் ஆபத்தானது. பிறகு ஒரு தீர்மானத்தை எவரேனும் எதிர்த்தால் கூட்டமே செல்லாது என்றாகும். பங்கு போட்டுவிட்டு ஒரு மூட்டையும் கொண்டுவராத 700 பேர் பெயருக்கு இருப்பதுதான் கோரம் சேராததற்குக் காரணம். உறுப்பினர் எண்ணிக்கையைத் திட்டத்துக்காக ஊதிப் பெருக்காமல், சமவெளியில் மத்தியத் திட்டம் கேட்கும் 300 பேரோடு தொடங்கி, காய் போடுகிறவர்களைக் கொண்டு வளர்ப்பது மேல்.

திட்ட உதவி இருக்கும் ஆண்டுகளில் மிஞ்சும் 2.43 லட்சத்தில் மூட்டைக்கு 30 ரூபாய் போனஸ் என்று வைத்தால் 81,000 ரூபாய். மீதி 1.62 லட்சம் காப்பு நிதிக்கு. இந்த 81,000 ரூபாயைப் பங்குக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 81 ரூபாய்; ஒரு காயும் போடாதவருக்கும் அதே. மூட்டைக் கணக்கில் பிரித்தால் ஒன்பது மூட்டை போட்டவருக்கு 270 ரூபாய், போடாதவருக்கு ஒன்றும் இல்லை. கம்பெனியோடு எவ்வளவு வியாபாரம் செய்தாரோ அந்த விகிதத்தில் போனஸ் கொடுப்பதைச் சட்டம் உற்பத்தியாளர் கம்பெனிக்கென்றே வைத்திருக்கிறது.

நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது. சித்திரை, வைகாசியில் கொள்முதல் வேலை ஓய்கிறது. தணிக்கை முடித்து ஆவணியில் பொதுக்குழு வைக்கலாம். 14 நாளுக்கு முன் அறிவிப்புப் போக வேண்டும். அதே தாளில் ஒவ்வொருவர் போட்ட மூட்டை, சராசரி உடைப்பு, வரவேண்டிய போனஸ் மூன்றையும் அச்சிட்டு அனுப்பி, தொகையைக் கூட்ட நாளன்று காலையில் வங்கிக் கணக்கில் ஏற்றிவிட்டு, பட்டியலை மேடையில் பெயர் பெயராக வாசித்தால் 250 பேர் தாமாகவே வந்து உட்காருவார்கள். வாசிக்கும்போது தன் பெயருக்கு நேரே ஒரு மூட்டை குறைந்திருந்தால் எழுந்து கேட்பார்கள். கொள்முதல் சீட்டின் அடிக்கட்டு அப்போது மேசை மேல் இருக்க வேண்டும்.